கணிதத் துறையின் ஆய்வகம் கரும்பலகை: கருத்தரங்குகள் எவ்வாறு செயல்படுகின்றன?

தூய கணிதத்தில் ஆய்வு மேற்கொள்வோருக்குக் கருவிகளோ ஆய்வகமோ தேவைப்படுவதில்லை. தாளும் எழுதுகோலும் போதும் என்ற எண்ணமே பொதுவாக நிலவுகிறது. ஆனால், பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளில் ஆய்வு உயிர்ப்புடன் இருக்கிறதா என்பதை அறிய, அங்கு வாரந்தோறும் கருத்தரங்கு நடைபெறுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இருவகைக் கருத்தரங்குகள்

கணிதத் துறைகளில் நடைபெறும் கருத்தரங்குகள் பொதுவாக இரு வகைப்படும். முதலாவது, ஆய்வுக் கருத்தரங்கு. இதில் ஓர் ஆய்வாளர் தாம் கண்டறிந்த புதிய முடிவைச் சுமார் ஒரு மணி நேரம் விளக்குவார். கேட்போர் இடையிலேயே கேள்வி எழுப்பலாம். நிறுவலில் ஒரு படி பலவீனமாக இருந்தால், அது பெரும்பாலும் கரும்பலகை முன்னரே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, கற்றல் கருத்தரங்கு. மாணவர்களும் பேராசிரியர்களும் அடங்கிய சிறு குழு, கடினமான ஒரு நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ தேர்ந்தெடுத்துப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது. வாரம் ஒருவர் தமக்குரிய பகுதியை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். பேசுபவர் அத்துறையில் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. நூலாசிரியர் ஒரே வரியில் கடந்து சென்ற இடத்தைப் பிறருக்கு விளக்க முற்படும்போதுதான், தமக்கு எது புரியவில்லை என்பது மாணவருக்கே தெரியவரும்.

பிறர் ஆய்வை எடுத்துரைப்பது மாணவர்களுக்கு மட்டும் உரிய பணியன்று. பாரிசில் 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புகழ்பெற்ற பூர்பாகி கருத்தரங்கிலும், முன்னணிக் கணித அறிஞர்கள் பெரும்பாலும் பிறருடைய புதிய முடிவுகளையே விளக்குகின்றனர்.

மும்பை காட்டிய வழி

இந்தியாவில் இம்முறையின் பலனுக்கு மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சிறந்த சான்றாகும். ஹோமி பாபா 1945-இல் நிறுவிய இந்நிறுவனத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. சந்திரசேகரன் 1949-இல் இணைந்து கணிதப் பள்ளியை உருவாக்கினார். உலகின் முன்னணிக் கணித அறிஞர்கள் மும்பைக்கு அழைக்கப்பட்டுத் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினர். அவற்றைக் குறிப்பெடுத்து நூலாக்கும் பொறுப்பு பெரும்பாலும் இளம் ஆய்வாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

குறிப்பெடுப்பது எளிய பணியன்று. ஒவ்வொரு நிறுவலையும் முழுமையாகப் புரிந்துகொண்டால் மட்டுமே அதனைப் பிழையின்றி எழுத முடியும். பிரெஞ்சு அறிஞர் லோரன் சுவார்ட்ஸ் ஆற்றிய சொற்பொழிவுகளின் குறிப்புகள் 1955-இல் வெளிவந்தன. அவற்றை எழுதியவர் எம்.எஸ். நரசிம்மன். சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் சார்லஸ் ரசீனிடம் பயின்ற அவரும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953-இல் மும்பை நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். ரீமன் பரப்புகளின் மீதான திசையன் கற்றைகள் குறித்து இருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம், இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்கப்படுகிறது. சேஷாத்ரி பின்னர் சென்னையில் 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளியே, இன்றைய சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்துள்ளது.

கேட்போர் இல்லாவிட்டால்?

ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. ஆண்ட்ரூ வைல்ஸ் தமது நிறுவலைச் சரிபார்க்க 1993-இன் தொடக்கத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு தொடர் வகுப்பு நடத்தினார். நோக்கம் அறியாத மாணவர்கள் படிப்படியாக விலகிவிட, அவருடைய சக பேராசிரியர் நிக் காட்ஸ் மட்டுமே எஞ்சினார். அவ்வகுப்பில் பிழை எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நிறுவல் அறிவிக்கப்பட்ட பின்னர், கையெழுத்துப் படியை வரிவரியாக ஆராய்ந்து வைல்சிடம் தொடர்ந்து கேள்வி எழுப்பியபோதே காட்ஸ் அதிலிருந்த இடைவெளியைக் கண்டறிந்தார். ரிச்சர்ட் டெய்லரின் துணையுடன் வைல்ஸ் அதனை 1994 செப்டம்பரில் சரிசெய்தார். முழு நிறுவல் 1995-இல் வெளியானது.

அமர்ந்து கேட்பது வேறு, விடாமல் கேள்வி கேட்பது வேறு என்பதையே இந்நிகழ்வு உணர்த்துகிறது.

சிறிய துறைகளின் நிலை

பெரிய நிறுவனங்களில் வாரத்திற்குப் பல கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. ஓரிரு ஆய்வு மாணவர்களே உள்ள சிறு துறைகளில் அத்தகைய வாய்ப்பு குறைவு. அங்குள்ள மாணவர் தமது ஐயத்தை வழிகாட்டியிடம் மட்டுமே கேட்க இயலும். அவருக்கும் அப்பகுதி பரிச்சயமில்லையெனில், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தேங்கி நிற்க நேரிடும்.

இக்குறையை ஈடுசெய்ய, அணுசக்தித் துறை 1983-இல் அமைத்த தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவுடன் நாட்டின் பல பகுதிகளில் ஆய்வு மாணவர்களுக்கான பயிற்சிப் பள்ளிகள் நடத்தப்படுகின்றன. கொரோனா காலத்தில் பரவலான இணையவழிக் கருத்தரங்குகள், தொலைவிலுள்ள அறிஞர்களின் உரைகளைக் கைப்பேசியிலேயே கேட்கும் வாய்ப்பை அளித்துள்ளன. எனினும், திரைக்கு முன் அமர்ந்திருக்கும் மாணவர் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கத் தயங்குவது இயல்பு.

கற்றல் கருத்தரங்கு தொடங்கப் பெரும் நிதி தேவையில்லை. ஓர் அறை, ஒரு கரும்பலகை, வாரத்தில் மாறாத ஒரு மணி நேரம் ஆகியவற்றுடன், "எனக்குப் புரியவில்லை" என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடிய நான்கைந்து பேர் இருந்தால் போதும். பேராசிரியரே முதலில் அவ்வாறு கூறும் துறைகளில், மாணவர்களும் விரைவில் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகின்றனர்.