காறாத கடலை எண்ணெய்

மயிலாப்பூர், தி.நகர் மரச்செக்குக் கடைகளில் எண்ணெயை மோந்து பார்த்து வாங்குவோர் உண்டு. காறல் வாடைக்கு முக்கியக் காரணம் லினோலிக் அமிலம்; காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். ஓலிக் அமிலத்தை லினோலிக்காக மாற்றும் நொதிக்கு நிலக்கடலையில் இரண்டு மரபணுக்கள். இரண்டுமே செயலிழந்தால்தான் ஓலிக் அளவு 80 சதவீதத்தை ஒட்டி வரும். ஒன்று மட்டும் போதாது.

அமெரிக்க ரகமான சன்ஓலிக் 95ஆர்-இன் இந்தக் குணத்தை ஒட்டுச்சேர்த்து, ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் இக்ரிசாட்டும் உருவாக்கிய கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் 2020-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. மரபணு மாற்றுப் பயிர் அல்ல. விதை எடுத்து வைக்கலாம். ஆனால் களத்திலோ செக்கிலோ வேறு கடலை கலந்தால் குணம் நீர்த்துவிடும். எடை போட்டு வாங்கும் வியாபாரி கண்ணுக்கு ஓலிக் தெரியாது. தனி விலை தரும் செக்குக்காரரிடம் பேசிவிட்டு விதையுங்கள்.