மூடிக்கு அடியில் 16 ராக்கர்கள்

1967 செவர்லே காமரோ இஸட்/28-இல் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் வால்வு மூடிகளைக் கழற்றுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் விடவே விடாதீர்கள்! அந்த ஆண்டு வெளிவந்ததே 602 கார்கள்தான். மூடி வெளியே வந்ததும் பாருங்கள், வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்கள் எண்ணெயில் குளித்து மின்னும், பக்கத்துக்கு எட்டு!

அன்றைய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்பது விதி. அதனால் செவர்லேயின் 327 கன அங்குல இன்ஜின் பிளாக்கில் 283 இன்ஜினின் கிராங்கைப் போட்டு 302 கன அங்குலமாக்கினார்கள். காகிதத்தில் 290 குதிரைத்திறன். அதெல்லாம் குறைத்துச் சொன்னது என்று ஓட்டியவர்கள் அடித்துச் சொல்வார்கள்.

இந்த இன்ஜினின் உயிர், 1964 கார்வெட்டில் வந்த 'தர்ட்டி தர்ட்டி' கேம். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டுக்கும், ராக்கரிலிருந்து சூட்டில் 0.030 அங்குல இடைவெளி, அதாவது 0.76 மில்லிமீட்டர். கேமின் அசைவை ராக்கர் பக்கம் கடத்துவது டேப்பட். அது ஹைட்ராலிக் ரகமாக இருந்தால் எண்ணெயை நிரப்பி இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். வேகம் எகிறினால் அது அளவுக்கு மீறி உப்பி வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளலாம். இங்கே இருப்பதோ திடமான டேப்பட். இடைவெளியை நாம்தான் வைக்க வேண்டும். அதனால்தான் ஐடிலில் தட்டச்சுப் பயிற்சி நிலைய வாசல் மாதிரி அப்படி ஒரு டகடகப்பு! இந்த இன்ஜினில் சத்தம் போடும் டேப்பட்டைவிட, சத்தமே போடாத டேப்பட்தான் பயம். இடைவெளி இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது, சூட்டை இறக்க வழியில்லாமல் விளிம்பு கருகிவிடும்.

இப்போது வேலை. சிலிண்டர்கள் எரியும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசைப்படி கிராங்கைக் கையால் சுற்றுகிறார்கள். ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் ராக்கர் அமுங்கத் தொடங்கியதும் அதன் இன்டேக்கைச் சரிசெய்ய வேண்டும். இன்டேக் முழுக்க அமுங்கி ஏறக்குறைய மேலே வந்ததும் எக்ஸாஸ்டை. ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நுழைகிறது. நட்டை ஒரு நூல் திருப்பு, தகட்டை இழு, மறுபடி ஒரு நூல். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்; சிக்கவும் கூடாது, வழுக்கிக்கொண்டும் வரக்கூடாது. விரல் நுனி அதைக் கண்டுபிடிக்கும் கணம் இருக்கிறதே, அடடா! அந்த நட்டு தன் இறுக்கத்திலேயே நிற்கும் ரகம். விரலாலேயே சுழல்கிறது என்றால் யோசிக்காமல் புது நட்டு போட்டுவிடுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டே சரிசெய்யும் சூரர்களும் உண்டு. எண்ணெய் தெறிக்காமல் இருக்க, மேல்பக்கம் வெட்டிய பழைய மூடியை மாட்டிக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பந்தயக்காரர்களின் வித்தை. இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் வால்வு முன்னதாகத் திறந்து தாமதமாக மூடும், வலு மேல்வேகத்துக்கு நகரும். கூட்டினால் கீழ்வேகத்துக்கு இறங்கும். கேமையே மாற்றாமல், ஒரு ஸ்பேனரும் ஒரு தகடும் வைத்துக்கொண்டு இன்ஜினின் குணத்தையே மாற்றிவிடுகிறார்கள்!