எல்லைக் கோடும் எண்ணெய்க் கிணறும்

1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954-இல் அவர்கள் ஆட்சியினின்றும் விடுபட்ட காரைக்கால், மூன்று புறமும் தமிழ்நாட்டு வயல்களும் கிழக்கே கடலும் சூழ்ந்த சிறு பிரதேசமேயானாலும், நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் முதலிய இடங்களிலுள்ள எண்ணெய், வாயுக் கிணறுகளைப் பரிபாலித்துவரும் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பிரிவுக்கு அதுவே தலைமை ஸ்தானம். காரைக்காலின் திருமலைராயன்பட்டினத்திலுள்ள 32.5 மெகாவாட் மின் நிலையம் இயற்கை வாயுவினால் இயங்குவது. ஆகவே, பூமியைத் துளையிடுவதே பாபம் என்று வாதிக்க விரும்பும் காரைக்கால்வாசி, முதலில் தம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வாதிப்பது நியாயமாக இருக்கும்.

ஆனால், பாறையின் நுண்துளைகளில் தேங்கியதைத் துளையிட்டு எடுப்பது வேறு. நிலக்கரியோடு ஒட்டிக்கிடக்கும் மீத்தேனைப் பிரிப்பது வேறு. படிவத்திலுள்ள நீரை மாதக்கணக்கில் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி மீத்தேன் கரியை விட்டு வெளிவராது; இறைக்கும் நீரோ பெரும்பாலும் உவர்நீர். நன்னீர் சற்றே இறங்கினாலும் கடல்நீர் உட்புகக் காத்திருக்கும் கடைமடையில் அந்த உவர்நீரை எங்கே கொண்டுபோய் விடுவது? ஷேல் பாறையிலிருந்து வாயு எடுப்பதோ, மணலும் ரசாயனங்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்திப் பாறையையே பிளக்கும் காரியம். காரைக்காலை முன்பு ஆண்ட பிரான்ஸ் தேசம் இம்முறையைத் தன் மண்ணில் 2011-இலேயே சட்டத்தினால் தடுத்துவிட்டது.

2010-இல் ஒப்பந்தமான மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்த நிலையிலேயே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் காலமானார். காவிரி டெல்டா ஜனங்களின் இடைவிடாத எதிர்ப்பின் பயனாக, தமிழ்நாடு 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, மீத்தேன், ஷேல் வாயு உட்படப் புதிய எண்ணெய், வாயு முயற்சிகளை அம்மண்டலத்தில் தடை செய்தது. அதற்கு முந்திய மாதத்தில்தான், ஆய்வுக் கிணறு தோண்டுவதற்குப் பொதுஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியிருந்தது.

புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலுக்கு அந்தச் சட்டம் செல்லாது. அரசலாற்றின் நீரும் அதனடியில் ஊறும் ஊற்றும் இரண்டு சர்க்கார்களுக்கும் பொதுவாக இருக்க, பாதுகாப்பு மட்டும் பழைய பிரெஞ்சு எல்லையில் நின்றுவிடுவது எந்த விதத்திலும் பொருத்தமன்று. பொறுப்போடு எண்ணெய் எடுப்பதாகச் சொல்பவர்கள், எங்கே எடுக்கலாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதலால், காரைக்காலின் விளைநிலங்களுக்கும் சமமான பாதுகாப்பைப் புதுச்சேரி சட்டமாக்கட்டும்; இப்போதுள்ள கிணறுகளைச் சுற்றிய ஊர்களின் குடிநீரை ஆண்டுதோறும் பரிசோதித்து, அதன் முடிவை அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழிலேயே ஒட்டட்டும்.