கம்பத்தில் இருந்தது கார் ஷெட்டுக்குள் எப்படி வந்தது, தெரியுமா?

தபால்தலை சேர்ப்பார்கள், நாணயம் சேர்ப்பார்கள், தீப்பெட்டிப் படம்கூடச் சேர்ப்பார்கள். மின்கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ப்பவர்களைத் தெரியுமா? அமெரிக்காவில் இருக்கிறார்கள்! மின் நிறுவனம் கழற்றிப் போட்டதைப் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்குவார்கள். நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்றி, வீட்டுக் கார் ஷெட்டில் இறக்குவார்கள். துருவைச் சுரண்டி, எண்ணெய் மாற்றி, புதுப் பெட்டியில் குடியேற்றுவார்கள். எதற்கு? வீட்டிலேயே மின்னல் விட்டுப் பார்க்கத்தான்!

நம் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று ஃபேஸ் சமாச்சாரம். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்துப் பல தெருக்களுக்குக் கொடுக்கும். அமெரிக்காவில் அப்படியில்லை! சில வீடுகளுக்கு ஒன்று என்று, கம்பத்திலேயே ஒரு சாம்பல் நிற உருளை தொங்கும். செல்லப்பெயர் ‘போல் பிக்’, அதாவது கம்பத்துப் பன்றி! 7,200 அல்லது 14,400 வோல்ட்டை வாங்கி 240 வோல்ட்டாகத் தரும். சின்னதே ஒற்றை ஆளால் தூக்க முடியாத கனம்!

டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, தெரியுமா? வெளியே வரும் பக்கத்தில் 240 வோல்ட்டைக் கொடுத்தால், உள்ளே போகும் பக்கத்தில் 14,400 வோல்ட் எகிறிக்கொண்டு வரும்! அறுபது மடங்கு! சேகரிப்பாளர்களின் மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

லைன்மேன்கள் நடுங்குவதும் இதற்குத்தான்! மெயினைத் துண்டிக்காமல் ஒருவர் தன் வீட்டு ஜெனரேட்டரை ஒயரிங்கில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? கரண்ட் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல மடங்கு ஏற்றும், ‘சப்ளை இல்லை’ என்று நம்பி மேலே ஏறியவரின் கையில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். இது நம் ஊருக்கும் பொருந்தும், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

14,400 வோல்ட் என்றதும் பயந்துவிட்டீர்களா? உண்மையில் பயப்பட வேண்டியது வோல்ட்டைப் பார்த்து மட்டுமல்ல! 5 கேவிஏ என்ற குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கூட அந்த வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர் வரை ஓயாமல் தரும். மனித இதயத்தின் துடிப்பைத் தாறுமாறாக்க 100 மில்லி ஆம்பியரே போதும்! ஷார்ட் ஆனாலோ கேட்கவே வேண்டாம். பெயர்ப்பலகையில் ‘இம்பீடன்ஸ் 2 சதவீதம்’ என்று பொறித்திருந்தால், வழக்கமான கரண்ட்டைப் போல 50 மடங்கு பாயத் தயார் என்று பொருள்!

அதை எப்படி அடக்குகிறார்கள்? பழைய ஆர்க் வெல்டிங் மிஷினை வைத்து! வெல்டிங் செய்ய அல்ல, கரண்ட் பாயும் வழியில் கடிவாளமாக! ஒரு காயலாங்கடைச் சரக்குக்கு இன்னொரு காயலாங்கடைச் சரக்கு காவல்!

வாங்கி வந்த பெட்டிக்குள் உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள், தெரியுமா? எடுத்த எடுப்பில் 240 வோல்ட் கொடுப்பவன் முட்டாள்! விவரமானவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். 14,400 வோல்ட்டுக்கான பீங்கான் முனையில் வெறும் 120 வோல்ட் கொடுப்பார்கள். மறுபக்கத்தில் மீட்டரை வைத்தால் சரியாக 2 வோல்ட் காட்ட வேண்டும். காட்டினால் சுற்றுகள் பழுதில்லை. உலகத்தையே அலற வைக்கும் பெட்டி, டார்ச் பேட்டரி அளவுக்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கும்!

டிரான்ஸ்ஃபார்மர் ‘உம்ம்ம்’ என்று முனகுகிறதே, ஏன்? உள்ளே சுற்றுவதற்கு ஒரு சக்கரமும் இல்லையே? காந்தம் ஏற ஏற அதன் இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீண்டு சுருங்குகின்றன! நம் நாட்டில் நொடிக்கு 100 தடவை, அமெரிக்காவில் 120 தடவை. இசை தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி: நம் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் பாடுவது சாதாரண காந்தாரம்!

சரி, பழைய டிரான்ஸ்ஃபார்மரில் மிகப் பெரிய ஆபத்து எது? ஷாக் என்பீர்கள். எண்ணெய் என்கிறேன் நான்! 1929 முதல் அமெரிக்காவில் பிசிபி என்ற ரசாயனத்தைத் தயாரித்தார்கள். தீப்பிடிக்காது, கெட்டுப்போகாது, மின்சாரத்தைக் கடத்தாது. ஆஹா என்று கொண்டாடி டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றினார்கள். கெட்டுப்போகாத அதே குணம்தான் வினை! மண்ணில் விழுந்தாலும் அழியாது, உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும். 1968-ல் ஜப்பானில் தவிட்டு எண்ணெய் ஆலை ஒன்றில் குழாய் கசிந்து பிசிபி சமையல் எண்ணெயில் கலந்தது. நோய் கண்டதாகப் புகார் சொன்னவர்கள் சுமார் 14,000 பேர்! 1979-ல் அமெரிக்கா தயாரிப்பையே தடை செய்தது.

அதனால் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் மூடியைத் திறப்பதற்கு முன் ‘பிசிபி இல்லை’ என்ற ஸ்டிக்கரைத் தேடுவார். ஸ்டிக்கர் இல்லையா? சொட்டு எண்ணெய் எடுத்து, நிறம் மாறும் சோதனைக் குப்பியில் விட்டுப் பார்ப்பார். எல்லைக்கோடு எவ்வளவு தெரியுமா? பத்து லட்சம் பங்கில் வெறும் 50 பங்கு! அதைத் தொட்டுவிட்டால் அது பொழுதுபோக்குச் சாமான் அல்ல, சட்டத்தின் கண்ணில் நச்சுச் சரக்கு. எண்ணெய் மணத்தை வைத்தே கண்டுபிடிப்பேன் என்பவர்களை நம்பாதீர்கள்!

நியான் விளக்குப் பலகைகளுக்குப் பின்னால் இருந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர்களையும் விடமாட்டார்கள்! 15,000 வோல்ட், ஆனால் 30 அல்லது 60 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும் ரகம். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த 30-ம் ஆளைக் கொல்லும்! உள்ளே முழுக்கத் தார் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூடேறித் தார் விரிசல் விட்டால் அந்த இடத்தில் பொறி பாயும், பெட்டி செத்துப்போகும். செத்ததா? இல்லவே இல்லை! பெட்டியை ஃப்ரீசரில் வைத்து உறைய விடுகிறார்கள். தார் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் உளியால் தட்டித் தட்டிச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறார்கள். மிச்சத்தை மண்ணெண்ணெயில் நாள்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். தலைமுடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி! சுற்றியுள்ள காகிதம் ஓர் இடத்தில் கிழிந்தாலும் அத்தனை பாடும் வீண்!

சுத்தமான காயிலை அப்புறம் எதில் இறக்குவார்கள், தெரியுமா? மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் மினரல் ஆயிலில்! சிரிக்காதீர்கள், அதுவும் மின்சாரத்தைத் தடுக்கும் சுத்தமான கனிம எண்ணெய்தான். இறக்கியதும் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை மாட்டிக் காற்றை உறிஞ்சுகிறார்கள். காயிலின் இண்டு இடுக்கிலிருந்து குமிழ் குமிழாகப் புறப்பட்டு மேலே வரும், நிற்கவே நிற்காது! ஒரு குமிழ் உள்ளே தங்கினாலும் அங்கேதான் முதல் பொறி. பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு லாயக்கில்லை!

பல டன் இரும்பும் செம்பும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுளைத் தீர்மானிப்பது எது? காகிதம்! கம்பியைச் சுற்றியிருக்கும் பழுப்புக் காகிதம்! சூடு 6 முதல் 8 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகிறது. எண்ணெயை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், காகிதம் பொடிந்துவிட்டால் கதை முடிந்தது!

காகிதத்தை நம்பி 10,000 வோல்ட்டை லண்டனுக்குள் கொண்டுவந்தவரைத் தெரியுமா? செபாஸ்டியன் டி ஃபெராண்டி! 1887-ல் டெப்ட்ஃபோர்ட் மின் நிலையத்தை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றபோது வயது 23! மெழுகில் ஊறிய பழுப்புக் காகிதம் சுற்றிய கேபிள். ‘இது ஆளைக் கொல்லாதா?’ என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? மின்சாரம் ஓடும் கேபிள் மேல் ஓர் உதவியாளரை வெறுங்கையால் உளியைப் பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் சம்மட்டியால் அடித்து அதை உள்ளே இறக்கினார்! பிடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை! கேபிளின் எர்த் செய்த வெளிக்குழாய் வழியே கரண்ட் போய்விட்டது. தத்துவம் சரி, ஆனாலும் அந்த உதவியாளருக்கு என்ன சம்பளம் கொடுத்தார்களோ!

மறுபடி எண்ணெய்க்கு வருவோம். இப்போது சில புது டிரான்ஸ்ஃபார்மர்களில் சோயா எண்ணெய் ஊற்றுகிறார்கள், தெரியுமா? 300 டிகிரியைத் தாண்டினால்தான் தீப்பற்றி எரியும்!

பழைய கம்ப டிரான்ஸ்ஃபார்மர்களின் தலையில் சில சமயம் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். எதற்கு? அணிலுக்கு! வம்பில்லாத பிராணி என்று நினைக்காதீர்கள். 1987 டிசம்பரில் ஒரே ஓர் அணில் மின்கம்பியில் சிக்கியதில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை 82 நிமிடம் முடங்கியது!

டிரான்ஸ்ஃபார்மர் வைக்க இடமில்லாதவர்கள்? கம்பத்துக் கண்ணாடி இன்சுலேட்டர்களைச் சேர்க்கிறார்கள்! பச்சை, நீலம், ஊதா என்று அலமாரி முழுக்க. இதற்கென்று தேசிய சங்கமே இருக்கிறது! ஷாக் அடிக்காத கிளை, என் ஓட்டு இதற்குத்தான்.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, ஈர மரப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி, மின்னல் வடிவத்தில் கருக்கும் ‘கலை’ ஒன்று உண்டு. 2,000 வோல்ட்தானே என்று நினைத்து 30 பேருக்கு மேல் உயிரை விட்டிருக்கிறார்கள்! அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடை செய்துவிட்டது. அழகாக இருக்கிறது என்பதற்காகச் சாக முடியுமா?

யாரும் மீட்க வேண்டிய தேவையே இல்லாமல், இருந்த இடத்திலேயே பிழைத்துக்கொண்ட டிரான்ஸ்ஃபார்மர்களும் உண்டு! கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் மின் நிலையம் 1895-ல் 11,000 வோல்ட்டை 35 கிலோமீட்டர் தள்ளியிருந்த சாக்ரமென்டோவுக்கு அனுப்பியது. அன்று அதிசயமான அந்த 11,000 வோல்ட்தான் இன்று நம் ஊர்க் கம்பங்களில் சர்வசாதாரணம்! 1952-ல் நிலையத்தை மூடினார்கள், ஆனால் உடைத்து விற்கவில்லை. இன்றும் போய்ப் பார்க்கலாம்!

மின்னல் மழைக்கு நடுவே மின் கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லா அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பொய்! ஒரே தகட்டில் இருமுறை எடுத்தது! மின்னல் தனியாக, டெஸ்லா தனியாக! 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் கட்டிய, செயற்கை மின்னல் விடும் ராட்சதக் காயிலை 1970-களில் ராபர்ட் கோல்கா என்பவர் மீண்டும் கட்டினார். எங்கே தெரியுமா? ஹிரோஷிமாவில் குண்டு போட்ட ‘எனோலா கே’ விமானம் ஒரு காலத்தில் நின்ற, யூட்டா மாநிலத்துக் கொட்டகையில்!

அதைவிட ஆச்சரியம் வேண்டுமா? நியூஸிலாந்தில் ஒரு பண்ணையில் ‘எலெக்ட்ரம்’ என்ற டெஸ்லா காயில் நிற்கிறது. நாலு மாடி உயரம்! 1,30,000 வாட்! தோட்டத்துச் சிலையாக!

கடைசியாக, 1931-ல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பிணத்துக்கு உயிர் கொடுக்கப் பொறி கக்கும் கருவிகளைச் செய்தவர் கென்னத் ஸ்ட்ரிக்ஃபாடன். படம் முடிந்ததும் அவர் எதையும் தூக்கிப் போடவில்லை! 1974-ல் இயக்குநர் மெல் புரூக்ஸ் அதே கதையை நையாண்டி செய்து ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுக்கக் கிளம்பினார். ஸ்ட்ரிக்ஃபாடன் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்து வீட்டுக்குப் போனால், அத்தனை கருவிகளும் கார் ஷெட்டில் பத்திரம்! 43 வருடம் கழித்து அவை மறுபடியும் கேமரா முன்னால் பொறி கக்கின! 1931-ல் போடாத அவர் பெயரையும் புரூக்ஸ் திரையில் போட்டார்!