கணினி வாங்க முன் கணக்கைப் பற்றி யோசியுங்கள்

கொழும்பில் பல வருடங்களாகக் கணினித் துறையில் வேலை செய்து வருபவன் நான். கடைகளுக்குக் கணினி தெரிவு செய்து கொடுப்பது, பழுதானால் போய்ப் பார்ப்பது, பில் போடும் சொப்ட்வெயாரைப் பொருத்திக் கொடுப்பது ஆகியவை என் தொழில். இத்தொழிலில் உள்ள நாங்கள் விற்கும்போது சொல்லாமல் விடும் சில விடயங்கள் உண்டு. அவற்றை நம் வியாபாரிகளிடம் மனந்திறந்து சொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒரு சம்பவத்தின் பின்னரே எனக்கு ஏற்பட்டது.

புறக்கோட்டையில் மொத்தப் புடவை வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார், நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது காலையில் அழைத்தார். கணினி இயங்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தது. "தம்பி, மெஷினுக்கு என்ன நடந்தாலும் பரவாயில்ல. கணக்க மட்டும் எடுத்துத் தாங்க" என்றார். மூன்று வருடக் கணக்கு அதற்குள் இருந்தது. குருநாகல், மாவனல்லை, அக்கரைப்பற்றுக் கடைக்காரர்களுக்குக் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விபரமும் அதற்குள்தான். வேறு பிரதி எதுவும் இருக்கவில்லை.

பழுதான டிஸ்க்கிலிருந்து தரவு மீட்பவர்களிடம் கொடுத்தோம். ஒரு பகுதி மாத்திரமே வந்தது. மிகுதியை, கணக்கப்பிள்ளை பழைய பழக்கத்தை விடாமல் எழுதி வந்த கொப்பியைப் பார்த்தும், சரக்கு எடுத்தவர்களைத் தொலைபேசியில் கேட்டும் சேர்க்க வேண்டியதாயிற்று. நாணயமானவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். சிலர், "அதை அப்பவே தந்துட்டோமே" என்றார்கள். இல்லை என்று காட்டுவதற்கு ஹாஜியாரின் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கணினியைத் தெரிவு செய்து கொடுத்தவன் நான். புரொசஸரின் வேகம், திரையின் அளவு எல்லாவற்றையும் அன்று விபரித்தேன். கணக்குக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. "நீங்க ஒரு சொல் சொல்லியிருந்தா இன்னொரு டிஸ்க் வாங்கியிருப்பேன் தானே தம்பி" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று சொல்லாததையே இன்று எழுதுகிறேன்.

எதற்குக் காசு கொடுப்பது?

பில் போடவும், கணக்கு வைக்கவும், கடிதம் எழுதவும் சந்தையில் உள்ள வேகமான புரொசஸர் தேவையில்லை. நடுத்தரமான ஒன்று, 8 ஜீ.பீ. ரெம், ஒரு எஸ்.எஸ்.டி. ஆகியன சாதாரண கடைக்குப் போதும். பழைய கணினி மெதுவாக இயங்கினால், அதனை வீசிவிட்டுப் புதிது வாங்க முன் உள்ளே உள்ள ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதுமாகிவிடும். ஆனால் எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் பழுதாகும். முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடுவதும் உண்டு.

பாவித்த கணினி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கிய இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கோ எல்லாப் பழைய இயந்திரமும் பொருந்தாது. இன்டெல் புரொசஸராயின் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவை, மிகச் சிலவற்றைத் தவிர, மைக்ரோசொப்டின் பட்டியலில் இல்லை. விலை மலிவு என்று வாங்க முன் எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். யூ.பி.எஸ். ஒன்றும் அவசியம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கணக்குக் கோப்பு கெட்டுப்போக இடமுண்டு.

வைரஸ் தடுப்பு சொப்ட்வெயார் பற்றி எங்கள் துறையினர் பலர் வெளியில் சொல்லாத கருத்து ஒன்றும் உண்டு. விண்டோஸுடன் இலவசமாக வரும் டிபெண்டர், ஒழுங்காகத் திருத்தங்கள் போடப்படும் சிறிய கடைக்குப் போதும் என்பதே என் அபிப்பிராயம். அதற்கு வருடாவருடம் கொடுக்கும் காசை வெளியே பொருத்தும் ஒரு டிஸ்க்குக்குக் கொடுங்கள்.

பிரிண்டரில் மலிவான பெட்டிக்குள் விலை கூடிய மை இருக்கும். நிறைய அச்சிடுபவருக்கு மைத்தாங்கி உள்ளது இலாபம். வாரத்துக்கு இரண்டு தாள் மட்டும் அச்சிடுபவருக்கு மை காய்ந்து தலை அடைத்துவிடும். அவருக்கு லேசர் பிரிண்டரே நல்லது. பில் அடிக்கும் தேர்மல் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். உத்தரவாதப் பற்றுச்சீட்டு அத்தாளில் இருந்தால் அன்றே பிரதி எடுத்து வையுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவை

காசு கொடுக்காமல் 'போட்டுத் தரும்' விண்டோஸும் ஒபிஸும் இலவசமல்ல. திருட்டுப் பிரதியை இயங்க வைக்கும் சிறிய புரோகிராம்கள் பல, முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்கின்றன. நிறுத்திய பின் எது உள்ளே வந்தது என்பது போட்டவருக்கும் தெரியாது. உண்மையாகவே இலவசமான லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. எக்ஸெல் கோப்புகளையும் அது திறக்கும். சிக்கலான மெக்ரோ உள்ள கோப்புகளில் மட்டும் தகராறு வரலாம்.

கூகுள் கணக்கில் ஜீமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜீ.பீ. இடம் இலவசம். நல்ல சேவைதான். ஆனால் அந்தக் கணக்கு யாருடைய தொலைபேசி இலக்கத்தில் இருக்கிறது? கடையின் ஜீமெயில், பேஸ்புக் பக்கம், வட்ஸ்அப் மூன்றையும் வேலைக்கு நின்ற பையனே தன் இலக்கத்தில் திறந்து, அவன் விலகிய பின் முதலாளி கதவுக்கு வெளியே நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடையின் பெயரில் உள்ள இலக்கத்துக்கு இன்றே மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டாம் கட்ட இரகசிய இலக்கத்தைப் போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

பில் போடும் சொப்ட்வெயார்

இதனை விற்க வருபவர் காட்டும் வண்ணத் திரையைப் பார்க்க முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் சரக்கு விபரம், கடன் விபரம் அனைத்தையும் நான் விரும்பிய நேரத்தில் எக்ஸெல் கோப்பாக எடுக்க முடியுமா? மாதக் கட்டணத்தை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க விடுவீர்களா? பெருநாளைக்கு முந்திய இரவு சொப்ட்வெயார் நின்றால் யார் தொலைபேசியை எடுப்பார்? முதலாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கணக்கை வெளியே எடுக்க முடியாத சொப்ட்வெயார், சாவியை அடுத்தவர் வைத்திருக்கும் பெட்டகம் போன்றது.

பெரியவர்களுக்கும் நடந்தது

இது சின்னக் கடைகளின் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் 'லங்கா கவர்மென்ட் கிளவுட்' மீது கப்பம் கோரும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பிரதி எடுக்கும் முறை இருந்தது. ஆனால் அதுவும் வலையமைப்போடு இணைந்தே இருந்ததால் வைரஸ் அதனையும் பூட்டிவிட்டது. அந்தக் காலப்பகுதிக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான கதை மர்ஸ்க் கப்பல் கம்பனியுடையது. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களில் அதன் பெயரை நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். 2017 ஜூன் 27ஆம் திகதி, உக்ரைனில் பாவனையில் இருந்த ஒரு கணக்கு சொப்ட்வெயாரின் திருத்தத்தோடு நொட்பெட்யா என்ற வைரஸ் பரவியது. மர்ஸ்க் 45,000 கணினிகளையும் 4,000 சேர்வர்களையும் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. நட்டம் 25 முதல் 30 கோடி அமெரிக்க டொலர் என அக்கம்பனி மதிப்பிட்டது. வலையமைப்புக்குள் யார் யார் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சேர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது. கானா நாட்டு அலுவலகத்தில் அன்று மின்சாரம் தடைப்பட்டிருந்ததால் அங்கிருந்த சேர்வர் இணைப்பில் இருக்கவில்லை. அதை வைத்தே மற்றவற்றை மீண்டும் அமைத்தார்கள்.

கழற்றி வைத்ததே தப்பும் என்ற பாடத்துக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இனி என்ன செய்வது?

எங்கள் துறையில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. கணக்குக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகையான இடங்களில், அவற்றில் ஒன்று கடைக்கு வெளியே. கணினியில் இருப்பது ஒன்று. கூகுள் டிரைவ் போன்றதில் ஒன்று. வெளியே பொருத்தும் டிஸ்க்கில் ஒன்று. டிரைவ் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். கணினியோடு ஒத்தியங்கும் டிரைவில், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். இங்கே வைரஸ் பூட்டிய கோப்பு அங்கேயும் போய்ச் சேரும். ஆகவே டிஸ்க் வேண்டும். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றவும் வேண்டும். கணினியில் எந்நேரமும் செருகியிருக்கும் டிஸ்க்கை நான் பிரதியாகக் கணக்கெடுப்பதில்லை.

இன்னொன்று, எடுத்த பிரதியை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை வருடக்கணக்கில் நம்பியிருந்தவர்களும் உண்டு.

ஹாஜியாரின் கடையில் இப்போது இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. கடை பூட்ட முன் கணக்கப்பிள்ளை ஒன்றில் அன்றைய கணக்கை ஏற்றிக் கழற்றுகிறார். ஹாஜியார் அதை வீட்டுக்குக் கொண்டு போகிறார். மறுநாள் மற்றையது. கணக்கப்பிள்ளை தன் கொப்பியையும் நிறுத்தவில்லை. நிறுத்தும்படி நானும் சொல்லவில்லை.

இன்று மாலை கடையைப் பூட்ட முன் உங்கள் கணினிக்கு முன்னால் நின்று யோசியுங்கள். நாளைக் காலை இது இயங்காவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? பதில் இல்லையென்றால், நாளை வாங்க வேண்டியது புதுக் கணினியல்ல, ஒரு டிஸ்க்.