கை கழுவ ஒரு ஷிஃப்ட்

நூறு முதியவர்கள் தங்கியிருக்கும் ஒரு பராமரிப்பு இல்லம் என்று வைத்துக்கொள்வோம். சோறூட்ட, உடை மாற்ற, மாத்திரை கொடுக்க, புண்ணுக்குக் கட்டுப்போட என்று ஒருவருக்காக நாளைக்குப் பத்து முறையாவது ஊழியர்கள் கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மொத்தம் 1,000 முறை. முறைக்கு 3 மில்லி சானிடைசர் என்றால் நாளைக்கு 3 லிட்டர்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 20 முதல் 30 விநாடி. 30 என்றே கொண்டால் 30,000 விநாடி, அதாவது 8 மணி 20 நிமிடம். ஓர் ஆளின் முழு ஷிஃப்ட்! பாட்டிலுக்கு பில் வரும், இந்த நேரத்துக்கு வராது. ஆள் குறைந்த நாளில் ஓசையில்லாமல் வெட்டுப்படுவதும் இதுதான்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. 2013 முதல் 2017 வரை அங்குள்ள முதியோர் இல்லங்களில் 82 விழுக்காடு, ஒரு முறையாவது தொற்றுத் தடுப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டவை. அந்தக் குறைகளில் சுமார் 99 விழுக்காட்டை ஆய்வாளர்கள் ‘கடுமையற்றவை’ என்று வகைப்படுத்தினார்கள். பிறகு 2020 வந்தது. வாஷிங்டன் மாநிலத்துக் கிர்க்லாந்தில் ஓர் இல்லம்: பிப்ரவரி 28இல் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தார். மார்ச் 18க்குள் 167 பேருக்குத் தொற்று. தங்கியிருந்தவர்கள் 101, ஊழியர்கள் 50, பார்க்க வந்தவர்கள் 16. அந்த 101 முதியவர்களில் மூவரில் ஒருவர் இறந்துபோனார்.

அந்த வட்டாரத்து இல்லங்களில் தொற்று பரவியதற்கு விசாரணை அதிகாரிகள் சொன்ன காரணங்களில் கையுறை, சானிடைசர் போன்ற பொருள்களின் தட்டுப்பாடும் உண்டு. ஆனால் என்னை உறுத்துவது வேறு இரண்டு: ஊழியர்கள் உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள். ஒரு சம்பளம் போதாதவரிடம், ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும் என்று பயப்படுகிறவரிடம், சுவரில் ஒட்டிய கைகழுவும் படத்தைக் காட்டி என்ன பயன்?

இருமுபவரைத் தனியே வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் அப்போதே உடைந்தது. அதே வட்டாரத்தின் இன்னோர் இல்லத்தில் 76 பேரைப் பரிசோதித்ததில் 48 பேருக்குத் தொற்று. அவர்களில் 27 பேருக்குப் பரிசோதனை நாளில் அறிகுறியே இல்லை.

நம்பிக்கை தரும் கணக்கும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் 28 இல்லங்கள், 13,956 பேர். பாதி இல்லங்களில் குளியல் சோப்புக்குப் பதில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி. மூக்கில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நாள் அயோடின் மருந்து. மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் தொற்றுக்காகப் போனவர்களின் பங்கு 62.9 விழுக்காட்டிலிருந்து 52.2 ஆக இறங்கியது. மற்ற இல்லங்களில் அது 62க்குக் கீழே வரவில்லை. 2023இல் முடிவு வெளியானது. குளிப்பாட்டும் நேரம் ஏற்கெனவே வேலைக்கணக்கில் இருந்ததால், அதற்கெனத் தனி ஷிஃப்ட் தேட வேண்டியிருக்கவில்லை என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

2024இல் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது: முதியோர் இல்லங்களில் ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேரப் பராமரிப்பு. நூறு பேருக்கு 348 மணி. நாம் போட்ட கைச்சுத்தக் கணக்கு அதில் 2.4 விழுக்காடுதான். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.