சிறுகுளக் கரையும் அதன் காவலும்

ஏரியும் குளமும் பாசனத்திற்கு நீர் தேக்கும் இடங்கள் என்றே பலரும் கருதுவர். பெருமழைக் காலத்து வெள்ளத்தின் விசையைத் தணித்து, மிகுநீரைக் கலிங்கின் வழியே அளவாக விடுப்பனவும் அவையேயாம். இவ்விரு பயனும் ஒரு மண்கரையின் உறுதியைப் பற்றியே நிற்கின்றன.

புறநானூற்று 118-ஆம் பாட்டில் கபிலர், பாரியின் நாட்டுச் சிறுகுளம் ஒன்று உடைவதைக் கூறுகின்றார். பாறைகளும் குவடுகளும் பொருந்திய, எட்டாம் நாட் பிறைபோல் வளைந்த கரை அது. குன்றுகளைத் துணையாகக் கொண்ட கரைக்கு மண்வேலை சுருங்கும். ஆயினும் மண்ணும் பாறையும் கூடுமிடம் நீர் கசிதற்கு எளிய வாயிலாம். உடைவின் காரணத்தைப் புலவர் கூறிற்றிலர். எனினும், காத்தற்குரிய தலைவன் மறைந்த பின்னைக் குளம் உடைதலை அவர் கூறுவது கருதத்தக்கது.

அகநானூற்று 252-ஆம் பாட்டு இதனை மேலும் விளக்கும். துயில் மறந்து மகளைக் காக்கும் தாய்க்கு, கரை சிறிதாகிய பெருங்குளத்தின் காவலன் ஆண்டு உவமையாகின்றான். அவன் துயிலாமைக்குக் காரணம் உண்டு. நீர் கரையின் முகட்டைக் கடந்து வழியின் புறச்சரிவு விரைவில் அரிக்கப்படும். எலி வளையும் நண்டு வளையும், பட்ட மரத்தின் மட்கிய வேரும் கரையினுள் நீர்வழி வகுக்கும். கசிவு தெளிந்திருப்பின் அச்சம் குறைவு. கலங்கி வரின் உள்மண் கரைந்து செல்கின்றது என்க.

ஆகவே வளைகளைத் தோண்டி மண்ணிட்டு இறுகக் குத்துதலும், கரையில் மரம் வளரவிடாது புல் வளர்த்தலும், உட்சரிவில் கல் பாவுதலும், கலிங்கை அடைப்பின்றி வைத்தலும் ஆண்டுதோறும் செய்யத்தக்கன. நீர் மிகுதியாகத் தேங்குதற்பொருட்டுக் கலிங்கின்மேல் மண்மூட்டை அடுக்குதல் பெருந்தீங்காம். வெள்ளம் வருங்கால் கரைக்கு எஞ்சிய உயரத்தை அது கவர்ந்துவிடும்.

இக்காவலை ஒருவர் கடமையாக விடாது ஊர்க்கடமையாக ஆக்கியமை பிற்காலத்து வளர்ச்சி. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. கரை உடையும் நிலையில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், குடிமராமத்துத் தவறியோரைத் தண்டிக்கவும் சென்னை மாகாணத்து 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டம் இடந்தந்தது. விரும்பிச் செய்த ஊர்க்கடமை சட்டத்தால் வற்புறுத்தப்படும் நிலையை எய்தியமை அதன் தளர்ச்சியையே காட்டும். 2017-இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது, காவலனின் துயிலாமையும் உடன் மீளுமாயின் கரை நிற்கும்.